முற்றத்து ஓமவல்லி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் நமக்கு ஒரு சிறு பொட்டலம் வந்து சேர்ந்தது. ஜெர்மனி நாட்டில் செவிலியராகப் பணிபுரியும் நம் பங்குப் பெண் ஒருத்தி, விடுமுறைக்கு வந்த தோழியின் கையில் கொடுத்தனுப்பிய விதைகள் அதில் இருந்தன. “இங்கே ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் இந்தப் பூண்டு உண்டு, சுவாமி. சூப்பில் இரண்டு இலை போட்டால் தெருமுனை வரை மணக்கும். நம் ஊரிலும் வளர்த்துப் பாருங்கள்” என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். ஆங்கிலேயர் இப்பூண்டை ‘லவேஜ்’ என்பர். தாவர நூலாரின் இலத்தீன் பெயர் ‘லெவிஸ்டிகம் ஒபிசினாலே’. குருமடத்தில் கற்ற இலத்தீனில் எஞ்சியிருப்பது கொஞ்சமே என்றாலும், பெயரைக் கண்டவுடன் ஆவல் பிறந்துவிட்டது.

அனுப்பம்பட்டில் நாம் தங்கியிருக்கும் இல்லத்தின் பின்புறம், கிணற்றடியை அடுத்து, இரண்டு தொட்டிகளில் விதைத்தோம். மார்கழிக் குளிரில் முளைத்தது. தையில் ஒரு சாண் உயர்ந்தது. கொத்தமல்லியைப் பெரிதாக்கியது போன்ற இலை. கிள்ளி முகர்ந்தால் கொத்தமல்லியும் ஓமமும் கலந்தது போன்றதொரு வாசம். மாசி பிறந்ததும் இலை நுனி கருகத் தொடங்கியது. பங்குனி முடிவதற்குள் இரண்டு தொட்டியிலும் காய்ந்த தண்டு மட்டுமே நின்றது. அப்பூண்டு குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் தளிர்த்து, ஆளுயரத்துக்கு மேல் வளரும் இயல்புடையது. பனி விழும் நாட்டுக்குரியதை உப்புக் காற்றில் வளர்க்க முயன்றது நம் பேதைமையே.

காய்ந்த தொட்டிகளை நாம் பார்த்துக்கொண்டு நிற்கையில், பூக்கட்டிக் கொடுக்க வந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஓமவல்லி கேட்பாரில்லாம மண்டிக் கெடக்கையிலே, இந்த வெள்ளைக்காரச் செடி எதுக்கு சாமி?” அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

லவேஜ் பூண்டைப் பற்றி ஓரிரு சொற்கள் கூறிவிட்டு மேலே செல்வோம், ஏனெனில் அதன் வரலாற்றில் திருச்சபைக்கும் சிறு பங்கு உண்டு. ஏறத்தாழ கி.பி. 820-ல் வரையப்பட்ட துறவு மடத் திட்டப்படம் ஒன்று சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதில் மருத்துவர் இல்லத்தை ஒட்டி ஒரு மருந்துத் தோட்டம். அத்தோட்டத்தில் பதினாறு பாத்திகள். ஒவ்வொன்றிலும் நட வேண்டிய செடியின் பெயர். ரோசாவும் லீலியும் வெந்தயமும் சீரகமும் உள்ள அப்பட்டியலில் நம் லவேஜுக்கும் ஒரு பாத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த மடாதிபதி வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ தம் தோட்டத்துச் செடிகளைப் பற்றி எழுதிய இலத்தீன் பாடல் நூலிலும் அதற்கு இடம் உண்டு. அடுக்களையையும் மருந்தறையையும் ஒரே தோட்டத்தால் நடத்திய காலம் அது. இன்றைய ஜெர்மானியர் இதனை ‘மாகி பூண்டு’ என்றே அழைக்கின்றனர். நம் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கிண்டித் தின்னும் நூடுல்ஸின் அதே மாகிதான். 1886-ல் வந்த மாகி குழம்புச் சாற்றின் வாசம் இவ்விலையின் வாசத்தை ஒத்திருந்ததால் செடிக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. சாற்றில் அச்செடி சேர்வதில்லை என்பது வேடிக்கை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் நாட்டில் பழைய ஆங்கிலச் சமையற் புத்தகங்களைப் புரட்டினால் ‘லவேஜ்’ என்ற சொல் அடிக்கடி வரும். அங்கே அது ஜெர்மானியரின் பூண்டைக் குறிப்பதன்று. நம் ஓமத்தையே குறிக்கும். அயல்நாட்டுச் செடியின் பெயரை, வாசம் சற்று ஒத்திருந்த நம் விதைக்குச் சூட்டிவிட்டனர். ஓமத்துக்கு ஆங்கிலத்தில் வேறொரு பெயரும் உண்டு. அதைத் தமிழாக்கினால் ‘ஆயர் களை’ என்றாகும். இதை நம் மேதகு ஆயரிடம் சொல்லும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

ஓமமும் லவேஜும் கொத்தமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குடை விரித்தாற்போல் பூக்கும் குடும்பம் அது. மூதாட்டி குறிப்பிட்ட ஓமவல்லியோ துளசியின் குடும்பம். கற்பூரவல்லி என்று பலரும் சொல்வது இதனையே. ஏரியின் வடகரைத் தெலுங்குக் குடும்பங்கள் இதை ‘வாமு ஆகு’, அதாவது ஓம இலை என்கின்றனர். மலையாளிகளுக்கு இது பனிக்கூர்க்கை, கன்னடருக்குத் தொட்டபத்ரே. ஓமமும் ஓமவல்லியும் உறவே இல்லாத செடிகளாயிருந்தும் ஒரே வாசம் எப்படி வந்தது? தைமால், கார்வக்ரால் என்னும் இரு மணப்பொருள்களே காரணம். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அமைந்துள்ள இடம் மட்டும் சற்று மாறியிருக்கும். ஓம விதையில் தைமால் மிகுதி. ஓமவல்லி இலையில் செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் விகிதம் வேறுபடும். பக்கத்து வீட்டு இலை காரமாகவும் நம் வீட்டு இலை சப்பென்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்பூரவல்லி என்ற பெயரால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். அப்பெயரில் ஒரு வாழையும் இருக்கிறது; அதனால் தீங்கில்லை. ஆனால் பெயரில் கற்பூரம் இருப்பதைக் கொண்டு, இலை கிடைக்காதபோது கற்பூரத்தையே தேங்காயெண்ணெயில் கரைத்துக் குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் தடவும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சிறு துண்டு கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து. தோலின் வழியாகவும் மூக்கின் வழியாகவும் அது உட்செல்லும். இலை வேறு, கற்பூரம் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

ஓமவல்லியின் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. ஆனால் உலகின் வெப்ப நாடுகளெல்லாம் அதைத் தம்முடையதாகவே எண்ணிக்கொண்டிருக்கின்றன. அதன் தாவரப் பெயராகிய ‘கோலியஸ் அம்பாய்னிக்கஸ்’ என்பதைச் சூட்டியவர் யார் தெரியுமா? போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைக் குரு ஜோவான் தெ லூரெய்ரோ. இன்றைய வியட்நாமின் பகுதியாகிய கொச்சின்சீனாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். ஐரோப்பிய மருந்துகள் கைக்கெட்டாத அந்நாட்டில், மக்கள் எந்த இலையால் எந்த நோயைத் தீர்க்கின்றனர் என்று கேட்டுக் கேட்டே தாவர அறிஞராகிவிட்டார். அவர் எழுதிய கொச்சின்சீனத் தாவர நூல் 1790-ல் லிஸ்பனில் வெளிவந்தது. அந்நூலில்தான் நம் ஓமவல்லிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது. பெயரின் பின்பாதி அம்போன் தீவைக் குறிக்கும். அதே அம்போனுக்குத்தான் நம் பழவேற்காட்டுத் துணி கப்பலேறிற்று. 1613-ல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர், சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்து அத்தீவுகளின் கிராம்பை வாங்கினர். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் டச்சுக்காரரில் பலர் அவ்வணிகத்தால் வாழ்ந்தவரே.

பின்னாளில் தாவர நூலார் இச்செடியை வேறொரு பேரினத்துக்கு மாற்றினர். 2019-ல் மீண்டும் லூரெய்ரோ அடிகள் வைத்த பெயருக்கே திரும்பினர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஏழைக் குருவின் சொல் எடுபட்டது என்பதில் நமக்குச் சற்றுப் பெருமைதான். இதனை வாசகர் பொறுத்தருள்க.

வியட்நாமியர் இன்றும் இவ்விலையை மீன் போட்ட புளிச்சாற்றில் இடுகின்றனர், இருமலுக்கும் கொடுக்கின்றனர். கரீபியத் தீவுகளில் இறைச்சிக்கு வாசமூட்டும் கீரை இதுவே. நாம் மட்டும் இதனை இருமல் வந்த அன்று தேடிவிட்டு, மறுநாள் மறந்துவிடுகிறோம்.

வளர்ப்பதைப் பற்றிக் கூறுமுன் நம் நீரைப் பற்றிக் கூறியாக வேண்டும். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள இவ்வூர்களில் ஒரு காலத்தில் கிணற்று நீர் இளநீர் போல் இருந்தது என்று முதியோர் சொல்வர். 1960-களின் இறுதியில் மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்குமாக நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கினர். மண்ணுக்குள் நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. 1969-ல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்பின் எல்லை, 1983-ல் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டதென ஆய்வாளர் கணித்தனர். 2010-ல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீரை உண்டாக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்நீர் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. நம் வீட்டுக் கிணற்றில் துவைத்த துணி நுரைப்பதில்லை.

ஆகவே இப்பகுதியில் ஒரு தொட்டிச் செடியை வளர்ப்பது, நகரத்துப் பத்திரிகைகள் எழுதுவது போல் அத்தனை எளிதன்று. ஏரிக்கரைக் குப்பங்களில் மண்ணே இல்லை, மணல்தான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் இருந்த சிறு தோட்டங்களும் உப்பேறிப் போயின. எனினும் ஓமவல்லி நின்றது. குப்பத்துப் பெண்கள் அதை நிலத்தில் நடுவதில்லை என்பதே காரணம். எண்ணெய் டின்னிலும் உடைந்த குடத்திலும் நட்டுத் திண்ணையில் வைத்திருப்பர். உப்பு மண்ணைத் தொடாமல் உயரத்தில் வளரும் செடி அது.

விதை வேண்டியதில்லை. இச்செடி நம் பக்கத்தில் பூப்பதே அரிது. முற்றின கிளையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு மூன்று கணு இருக்குமாறு ஒடித்து, அடியிலுள்ள இலைகளைக் களைந்துவிட வேண்டும். உடனே நடலாகாது. நீர்ப்பசை மிகுந்த தண்டாதலால், ஒடித்த வாய் ஆறுமாறு அரை நாள் நிழலில் வைத்து, பிறகு நட்டால் அழுகாது. மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் அல்லது இலைமக்கு ஒரு பங்கு. பாத்திரத்தின் அடியில் ஆணியால் நான்கைந்து துளை இட்டே தீர வேண்டும். துளையில்லாத டின்னில் நட்டுவிட்டு, ‘எமக்குக் கைராசி இல்லை’ என்று வருந்துவோர் பலரைக் கண்டிருக்கிறோம். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தேங்கிய நீரில் வேர் அழுகுகிறது, அவ்வளவே. இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துத் தளிர் விடும்.

காலை வெயில் விழுந்து நண்பகலில் நிழலாகும் இடம் சிறந்தது. முழு வெயிலில் இலை சிறுத்துத் தடித்து மஞ்சளிக்கும். வாசம் மட்டும் கூடும். முழு நிழலில் இலை பெருத்து, தண்டு நீண்டு சாயும். நீர் குறைவாகவே போதும். மேல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையெனில் ஊற்றுக. எந்த நீர் என்பதே இங்கே கேள்வி. கிணற்று நீரையே நாள்தோறும் ஊற்றினால் சில வாரங்களில் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படியும். அது உப்பு. இலை ஓரம் பழுக்கத் தொடங்கும். அரிசி, பருப்பு கழுவிய நீரை அன்றன்றே ஊற்றலாம். உப்பிட்ட வடிகஞ்சி ஆகாது. நல்ல நீரில் மீன் அலசியதைச் சிலர் ஊற்றுவர். செடிக்கு நல்லதே, ஆனால் ஏரி நீரில் அலசியதையோ உப்புத் தேய்த்துக் கழுவியதையோ ஊற்றினால் செடி போய்விடும். பூனையும் தொட்டியைக் கவிழ்க்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று நாள் தொட்டியை வெட்டவெளியில் வைத்தால் மழைநீர் உப்பைக் கரைத்து அடித்துளை வழியே வெளியேற்றும். அதன்பின் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கார்த்திகை மழை முழுவதும் நனைந்த செடி பிழைப்பதில்லை.

நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை பெருகும். ஆகையால் சமையலுக்கு எடுக்கும்போது அடியிலைகளை உருவாமல் நுனியோடு கிள்ளுவதே முறை. ஓராண்டில் அடித்தண்டு மரத்துப்போகும். அப்போது புதுக் கிளை ஒன்றை ஒடித்து மறு தொட்டியில் நடவேண்டும். இச்செடியை விலைக்கு வாங்கியவர் எவரையும் நம் பங்கில் நாம் பார்த்ததில்லை. எல்லாம் எவரோ ஒடித்துக் கொடுத்ததே. ஏரியில் வலை விரிக்கும் இடத்துக்குப் ‘பாடு’ முறை வைத்து, யார் எந்நாளில் எங்கே என்று பிரித்துக்கொண்டு, அதற்காகச் சில வேளை மண்டையையும் உடைத்துக்கொள்ளும் நம் மக்கள், இச்செடிக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை.

இனிக் குசினிக்குள் நுழைவோம். (அடுக்களைக்குக் குருக்கள் இல்லங்களில் வழங்கும் இச்சொல்லும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றதே.) ஓமவல்லி இலை தடித்தது, சாறு மிகுந்தது, காரமானது. கொத்தமல்லியைப் போல் கைநிறைய அள்ளிப் போட்டால் உணவு மருந்தாகிவிடும். நான்கு பேருக்கு வைக்கும் இரசத்துக்கு ஆறு இலை போதும். மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு நான்கு பல் இவற்றை நசுக்கி, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்த நீரில் கூட்டிக் கொதிக்கவிட்டு, நுரை கட்டி வருகையில் இலையைக் கையால் பிய்த்துப் போட்டு உடனே இறக்கி மூடிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் எஞ்சும். தவக்கால வெள்ளிகளில் நம் இல்லத்தில் இந்த இரசமும் சுட்ட அப்பளமுமே.

நம் இல்லத்தில் சமைக்கும் அம்மாள் நண்டுச் சாற்றிலும் இவ்வாறே இறுதியில் இரண்டு இலை இடுவார். ஏரி நண்டின் இனிப்போடு அக்காரம் சேர்வதைச் சொல்லி விளங்கவைக்க இயலாது. மடவை மீனைக் குழம்பு வைப்போர், கொத்தமல்லி விலை ஏறிய நாளில் நான்கு இலையை நறுக்கித் தூவிப் பார்க்கலாம். மடவையின் சேற்று வாசத்தை இது நன்றாகவே அடக்குகிறது. கொடுவாய்க்கு வேண்டாம். அம்மீனுக்கென்றுள்ள நயமான சுவையை இது மூடிவிடும் என்பது நம் கருத்து, வேறுபடுவோர் வேறுபடுக.

பஜ்ஜி யாவரும் அறிந்ததே. கடலைமாவு ஒரு குவளை, அரிசிமாவு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், உப்பு. மாவில் ஓமம் சேர்க்காதீர்கள்; இலையே ஓமம். முழு இலையின் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுத் தோய்த்துப் பொரித்தால் எண்ணெய் தெறிக்காது. கீரை என்றாலே ஓடும் சிறுவர் இதைக் கேட்டு வாங்கித் தின்பர். துவையலுக்குப் பதினைந்து இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து ஒரு மேசைக்கரண்டி, மிளகாய் மூன்று, சிறிது புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு அரைக்கலாம். வதக்காமல் அரைத்தால் நாக்கு மரக்கும். கோடைக்கு ஏற்றது கன்னட நாட்டார் செய்யும் தம்புளி: எட்டு இலையைச் சீரகம், நான்கைந்து மிளகோடு நெய்யில் வதக்கித் தேங்காயுடன் அரைத்து, கடைந்த மோரில் கலக்கித் தாளித்துவிடுவது. அடுப்பில் மோரை வைக்க வேண்டியதில்லை. வலை இழுத்து வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளை கொடுத்துப் பாருங்கள்.

ஓமவிதையைப் பற்றிச் சுருக்கமாக. ஓமப்பொடியும் ஓமவாட்டரும் அறியாத வீடு இல்லை. ஒரு காலத்தில் இவ்விதை நம் நாட்டிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அங்கே அதிலிருந்து தைமாலைப் பிரித்தெடுத்தனர். கொக்கிப்புழு நோய்க்கு அந்நாளில் தைமாலே தலைசிறந்த மருந்து. 1909-க்கும் 1914-க்கும் இடையே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்பெல்லர் குழுவினர் அந்நோயை எதிர்த்து நடத்திய பெரும் இயக்கத்தில் இலட்சக்கணக்கானோருக்கு அளித்தது தைமால்தான். இன்று அதனினும் பாதுகாப்பான மாத்திரைகள் வந்துவிட்டன. பள்ளிகளில் இலவசமாகவே தருகின்றனர். பிள்ளைக்குப் பூச்சி என்றால் ஓமத்தைக் கரைத்து ஊற்றாமல் அம்மாத்திரையைக் கொடுங்கள்.

இவ்விடத்தில் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த சிறார் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். ஆலைகளுக்குரிய டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அம்மருந்தில் கலந்திருந்தது. தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அவ்வாண்டு அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரலாகாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அச்செய்தி வந்த பின்னர் ஓமவல்லி கேட்டு நம் இல்லத்துக்கு வரும் தாய்மார் பெருகினர். அச்சம் நியாயமானதே. இரண்டு இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் சில துளி, அல்லது இரண்டு இலை போட்டுக் கொதித்த வெந்நீர், பெரிய பிள்ளையின் சாதாரணச் சளிக்கு இதமளிக்கும், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே மாதத்தில் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நான்கு நாள் இலைச்சாறு மட்டுமே கொடுத்திருந்தனர். கடைக்கு மருந்து வாங்கப் போகப் பயம். நாம் நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டுசென்றபோது அடுத்த வீட்டில் அக்குழந்தையைக் கண்டோம். மூச்சு இரைத்தது, விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே குழிந்தது. உடனிருந்த அருள்சகோதரி செவிலியர் பயிற்சி பெற்றவர். கடிகாரத்தை வைத்து எண்ணினார்: நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நிமோனியா எனக் கண்டு, ஒரு வாரம் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தனர். தாய்க்குக் குற்றமில்லை. மருந்தில் நஞ்சு என்று கேட்டவள் இலையை நம்பினாள். இலை நஞ்சன்று, ஆனால் நிமோனியாவைத் தீர்க்கவும் அதனால் ஆகாது.

ஆதலால் இதனை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில் ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50 அல்லது அதற்கு மேல். ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மார்பு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே செல்க. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி எந்த இலைச்சாறும் வேண்டாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் ஒன்று பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும். கருவுற்ற தாய்மார் ஓமத்தையும் ஓமவல்லியையும் சமையலில் சிறிதளவு சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்க.

அக்குழந்தைக்கு இப்போது இரண்டு வயதாகிவிட்டது. சென்ற ஞாயிறு தாயின் இடுப்பிலிருந்து இறங்கி, நம் தொட்டியிலிருந்த இலையொன்றைப் பிய்த்து வாயிலிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பியது.

ஜெர்மனியிலிருந்து வந்த விதை நின்ற தொட்டிகளிரண்டிலும் இப்போது ஓமவல்லியே நிற்கிறது. இதனை அப்பெண்ணுக்கு எழுதியபோது, அங்கே தன் அறைச் சன்னலில் வைக்க ஒரு கிளை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். செடிகளை எல்லை கடத்தச் சுங்கத்தார் விடுவதில்லை என்பதால் அதற்கு வழியில்லை. நம் பங்குக் குடும்பங்களுக்கு அத்தடை கிடையாது. ஆடி, ஆவணி மாதங்கள் கிளை நட ஏற்ற காலம். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் பின்புறக் கிணற்றடிக்கு வந்தால் ஒடித்துத் தருவோம். டின்னை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். அடியில் துளையிட்டுக் கொண்டுவாருங்கள். நம் இல்லத்தில் இருந்த ஆணியும் சுத்தியும் போன மாதம் யாரோ வாங்கிச் சென்றது இன்னும் திரும்பவில்லை.